ஒரே மருத்துவமனை, பல மேலாண்மை முறைகள்: ஒருங்கிணைப்பு நோயாளிக்கு ஏன் தேவை?

அரசு மருத்துவமனைக்குள் நுழையும்போது முகப்புக் கூடத்தின் சுவரில் மாட்டப்பட்டிருக்கும் சான்றிதழ்களை நீங்கள் கவனித்திருக்கலாம். ஒன்று தேசிய தர உறுதித் தரநிலைகளின்படி வழங்கப்பட்டது. மற்றொன்று தூய்மைக்கான காயகல்ப் விருது. பிரசவ அறையின் வாயிலில் லக்ஷ்யா சான்றும் குழந்தைகள் பிரிவில் முஸ்கான் சான்றும் இருக்கக்கூடும். இவை தவிர, மருத்துவக் கழிவுக்காக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழங்கிய அனுமதி, தீயணைப்புத் துறையின் சான்று, எக்ஸ்ரே பிரிவுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம், இரத்த வங்கிக்கான உரிமம் ஆகியவையும் உண்டு. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு தனி மேலாண்மை முறை இயங்குகிறது. அதற்கெனப் பொறுப்பு அலுவலர், குழு, பதிவேடு, ஆய்வு நாள் ஆகியவை தனித்தனியே உள்ளன.

ஆனால் படுக்கையில் இருக்கும் நோயாளி ஒருவரே. அவருக்குப் போடப்படும் ஊசி, அவர் நடந்து செல்லும் தரை, அவர் அருகில் வைக்கப்பட்ட குப்பைத் தொட்டி, இரவில் பூட்டப்படும் கதவு ஆகிய எல்லாம் ஒரே நேரத்தில் அவரைத் தொடுகின்றன. தனித்தனி முறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத மருத்துவமனையில், ஒவ்வொரு பதிவேடும் குறையின்றி இருக்கும்போதே நோயாளிக்குத் தீங்கு நேரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, மருத்துவமனைச் சிகிச்சை பெறுவோரில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்குச் சிகிச்சையின்போதே ஏதேனும் ஒரு தீங்கு நேர்கிறது. பாதுகாப்பற்ற சிகிச்சையால் உலக அளவில் ஆண்டுதோறும் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர். இத்தீங்குகளில் ஏறத்தாழப் பாதி தவிர்க்கக்கூடியவை.

பல மேலாண்மை முறைகளை ஒரே அமைப்பாக இணைப்பது குறித்து மருத்துவத் துறையில் இப்போது அதிகம் பேசப்படுவதற்கு இதுவே பின்னணி. இது நிருவாகத்தினர் தமக்குள் பேசி முடிக்க வேண்டிய அலுவல் என்று தோன்றலாம். உங்கள் படுக்கையருகே அது எவ்வாறு வந்து நிற்கிறது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

இத்தனை முறைகள் எவ்வாறு சேர்ந்தன?

ஒவ்வொரு முறையும் ஓர் உண்மையான தேவைக்காகவே வந்தது. தேசிய தர உறுதித் தரநிலைகள் 2013-ஆம் ஆண்டில் அரசு மருத்துவமனைகளுக்கென வெளியிடப்பட்டன. சேவை வழங்கல், நோயாளர் உரிமை, உள்ளீடுகள், துணைச் சேவைகள், மருத்துவப் பராமரிப்பு, தொற்றுக் கட்டுப்பாடு, தர மேலாண்மை, விளைவுகள் என எட்டுப் பகுதிகளை அவை அளவிடுகின்றன. 2015-இல் காயகல்ப் தொடங்கப்பட்டது; தூய்மை, கழிவு மேலாண்மை, தொற்றுத் தடுப்பு ஆகியவை அதன் முதன்மைக் கவனம். அடுத்த ஆண்டே மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016 நடைமுறைக்கு வந்தன. பிரசவ அறையிலும் மகப்பேறு அறுவை அரங்கிலும் தாய்க்குக் கிடைக்கும் கவனிப்பை மேம்படுத்த 2017 டிசம்பரில் லக்ஷ்யாவும், குழந்தைகளுக்கான சேவைகளுக்காக 2021 செப்டம்பரில் முஸ்கானும் வந்தன. 2024 ஜூனில், ஊரகத் துணை நிலைய அளவிலான நலவாழ்வு மையங்களைக் காணொலி வழியாகவே மதிப்பிடும் முறையை மத்திய சுகாதார அமைச்சகம் அறிமுகப்படுத்தியது. தர மதிப்பீடு பெரிய மருத்துவமனைகளோடு நில்லாமல் உங்கள் ஊரின் சிறு மையம் வரை வந்துவிட்டது என்பதே இதன் பொருள்.

வெளிநாடுகளிலும் இதே வரலாறுதான். பன்னாட்டுத் தரப்படுத்தல் நிறுவனம், ஐ.எஸ்.ஓ. 9001 எனும் தர மேலாண்மைத் தரநிலையை 1987-இல் வெளியிட்டது. சுற்றுச்சூழலுக்கான 14001 தரநிலை 1996-இல் வந்தது. பணியாளர் பாதுகாப்புக்கான 45001 தரநிலை 2018-இல் வந்தது. மூன்றையும் ஒரே நிறுவனம் பின்பற்றினால் மூன்று கையேடுகள், மூன்று தணிக்கைகள், மூன்று கூட்டங்கள் என்றாகிவிடும். இச்சுமையை உணர்ந்த அந்நிறுவனம், 2012-இல் எல்லா மேலாண்மைத் தரநிலைகளுக்கும் பொதுவான ஓர் அத்தியாய அமைப்பை வகுத்தது. அதன் பின்னர் வந்த தரநிலைகள் பெரும்பாலும் அந்த வரிசையையே பின்பற்றுகின்றன. மருத்துவ நிறுவனங்களுக்கெனவே 2023-இல் வெளியான 7101 தரநிலையும் அவ்வாறே அமைந்தது.

நம் நாட்டுத் தரநிலைகளிலும் இணைப்புக்கான வழி ஓரளவு உள்ளது. லக்ஷ்யாவும் முஸ்கானும் புதிய அளவுகோல்களைக் கொண்டுவரவில்லை. தேசிய தர உறுதித் தரநிலைகளின் துறைவாரிச் சரிபார்ப்புப் பட்டியல்களையே அவை பயன்படுத்துகின்றன. மருத்துவக் கழிவு விதிகளும் ஒரு நல்ல சலுகையைத் தருகின்றன. 30 அல்லது அதற்கு மேற்பட்ட படுக்கைகள் உள்ள மருத்துவமனைகள், கழிவு மேலாண்மையைக் கண்காணிக்கப் புதிதாக ஒரு குழு அமைக்கலாம், அல்லது ஏற்கெனவே உள்ள ஒரு குழுவையே பயன்படுத்தலாம் என்று அவை கூறுகின்றன. இருந்தும் நடைமுறையில் பல நிறுவனங்கள் புதிய குழுவையே தேர்ந்தெடுக்கின்றன. ஆய்வுக்கு வருபவரிடம் காட்டுவதற்குத் தனிக் கோப்பு வசதியாக இருக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

ஓர் ஊசியும் ஐந்து பதிவேடுகளும்

பிரிந்து கிடக்கும் முறைகளால் என்ன நேரும் என்பதை ஓர் ஊசியைப் பின்தொடர்ந்து பார்த்தால் எளிதில் விளங்கும்.

உங்கள் உறவினருக்குச் செவிலியர் ஊசி போடுகிறார். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என ஐந்தையும் அவர் உறுதிசெய்ய வேண்டும். இது மருத்துவப் பராமரிப்புத் தரம். ஊசி போடும் முன் கையைச் சுத்தம் செய்ய வேண்டும். இது தொற்றுத் தடுப்பு. போட்ட பின் ஊசியின் மூடியைத் திரும்ப மாட்டக் கூடாது. ஊசி வெட்டும் கருவியில் வெட்டி, ஊசி முனையைத் துளைபடாத வெள்ளைக் கொள்கலத்திலும், பிளாஸ்டிக் குழலைச் சிவப்புப் பையிலும் இட வேண்டும். இது கழிவு மேலாண்மை. அந்தப் பையை எடுத்துச் செல்லும் தூய்மைப் பணியாளருக்கு ஊசி குத்தாமல் பார்த்துக்கொள்வது பணியாளர் பாதுகாப்பு. வெள்ளைக் கொள்கலம் தீர்ந்துபோகாமல் இருப்பு வைப்பது பண்டகப் பொறுப்பு. பை 48 மணி நேரத்துக்குள் மருத்துவமனையை விட்டுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் சென்றாக வேண்டும். அதைச் சுற்றுச்சூழல் விதி கேட்கிறது.

இனி ஒரு நிகழ்வைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வெள்ளைக் கொள்கலம் தீர்ந்து ஐந்து நாள்கள் ஆகின்றன. செவிலியர் வேறு வழியின்றி ஊசி முனைகளை ஒரு காலி குளுக்கோஸ் பாட்டிலில் போட்டு வைக்கிறார். அது நிரம்பிய பின் சில முனைகள் மஞ்சள் பையில் விழுகின்றன. பையைத் தூக்கிய தூய்மைப் பணியாளரின் தொடையில் ஊசி குத்துகிறது. அவர் ஒப்பந்த மேற்பார்வையாளரிடம் சொல்கிறார். மேற்பார்வையாளர், "கழுவிக்கொண்டு வேலையைப் பார்" என்கிறார்.

முறைகள் தனித்தனியே இயங்கும் மருத்துவமனையில் இதன் பின் என்ன நடக்கும்? பணியாளர் விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி ஏறலாம், ஏறாமலும் போகலாம். தொற்றுத் தடுப்புக் குழு அடுத்த மாதம் கூடும்போது அந்த வரியைப் பார்க்காது. கழிவுப் பொறுப்பாளரின் பதிவேட்டில் பைகளின் எடை சரியாக இருக்கும். பண்டகசாலையில் 'கொள்முதல் ஆணை அனுப்பப்பட்டது' என்ற குறிப்பு இருக்கும். தரப் பிரிவின் பட்டியலில் 'கழிவுகள் நிறவாரியாகப் பிரிக்கப்படுகின்றன' என்பதற்கு நேரே முழு மதிப்பெண் இருக்கும். ஐந்து பதிவேடுகளில் ஒன்றிலும் பிழை இல்லை. ஆனால் ஊசி குத்திய பணியாளர் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டிய நேரத்தை இழந்துவிடுகிறார். அம்மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவதே சிறந்தது. 72 மணி நேரம் கடந்துவிட்டால் அதைத் தொடங்குவதில் பயன் இல்லை. அதே மஞ்சள் பை உங்கள் உறவினரின் கட்டிலுக்கு அடியில் இன்னும் இருக்கிறது. உடன் வந்த குழந்தை தரையில் விளையாடிக்கொண்டிருக்கிறது.

முறைகள் இணைக்கப்பட்ட மருத்துவமனையில் இதே நிகழ்வு ஒரே படிவத்தில் பதிவாகும். அப்படிவத்தை ஒப்பந்தப் பணியாளர் உட்பட எவரும் நிரப்பலாம். எழுதத் தெரியாதவருக்காகச் செவிலியர் நிரப்பலாம். அதே நாளில் தொற்றுத் தடுப்புச் செவிலியர், கழிவுப் பொறுப்பாளர், பண்டகக் காப்பாளர், தர மேலாளர் ஆகிய நால்வரும் அதைப் பார்க்கிறார்கள். பணியாளருக்கு உடனே தடுப்பு மருந்து தொடங்கப்படுகிறது. "யார் தவறு?" என்று கேட்பதற்கு முன் "ஏன் நடந்தது?" என்று கேட்கப்படுகிறது. விடை ஊசியில் இல்லை, இருப்புப் பட்டியலில் இருக்கிறது என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். கொள்கலத்தின் குறைந்தபட்ச இருப்பு உயர்த்தப்படுகிறது. ஒரு வாரம் கழித்து ஒருவர் வார்டுக்குச் சென்று பார்க்கிறார்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். இரண்டாவது மருத்துவமனைக்குப் புதிய கட்டடமோ புதிய கருவியோ தேவைப்படவில்லை. தகவல் செல்லும் பாதையை மட்டுமே அது மாற்றியிருக்கிறது.

விதிகள் ஒன்றோடொன்று மோதும்போது

ஒருங்கிணைப்பின் தேவை மிகக் கூர்மையாகத் தெரிவது, இரண்டு நல்ல விதிகள் எதிரெதிராக நிற்கும் இடத்தில்தான். வார்டின் பக்கவாட்டுக் கதவை எடுத்துக்கொள்ளுங்கள். திருட்டையும் அயலார் நுழைவையும் தடுக்கக் காவல் பிரிவு அதைப் பூட்டச் சொல்கிறது. தீ நேர்ந்தால் வெளியேற அது எந்நேரமும் திறக்கும் நிலையில் இருக்க வேண்டும் என்கிறது தீப் பாதுகாப்பு. தீவிர சிகிச்சைப் பிரிவாக இருந்தால் ஒரே வாயில் போதும் என்கிறது தொற்றுத் தடுப்பு. உடனிருப்பவர் நோயாளியைப் பார்க்க வழி வேண்டும் என்கிறது நோயாளர் உரிமை. நான்கும் நியாயமானவை. நான்கையும் நான்கு குழுக்கள் தனித்தனியே முடிவு செய்தால், கடைசியாக எந்தத் துறை ஆய்வுக்கு வந்ததோ அதன் விருப்பமே நிலைக்கும்.

இது வெறும் வாதமன்று. 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பற்றியது. புகை மேல்மாடிகளுக்குப் பரவியதில் ஏறத்தாழ 90 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் நோயாளிகள். 2021 ஜனவரி 9 அன்று மகாராட்டிர மாநிலம் பண்டாராவின் மாவட்ட மருத்துவமனையில், பச்சிளங்குழந்தைகள் சிகிச்சைப் பிரிவில் ஏற்பட்ட தீயில் 10 குழந்தைகள் இறந்தனர். 2024 நவம்பர் 15 இரவு உத்தரப் பிரதேசத்தின் ஜான்சி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், அதேபோன்ற ஒரு பிரிவில், அன்றிரவே 10 குழந்தைகளை இழந்தோம்.

பச்சிளங்குழந்தைப் பிரிவில் நேரும் தீயைத் தீயணைப்புக் கருவிகளின் பிரச்சினை என்று மட்டும் பார்ப்பது குறுகிய பார்வை. அங்கே ஆக்சிசன் செறிந்த காற்றில் சிறு பொறியும் விரைந்து பரவும். வெப்பக் கருவிகள் இரவும் பகலும் இயங்குவதால் மின்கம்பிகளின் சுமை மிகுதி. நடக்க இயலாத ஒவ்வொரு குழந்தையையும் ஒருவர் தூக்கிக்கொண்டுதான் வெளியேற்ற முடியும். எனவே இரவுப் பணியில் எத்தனை செவிலியர் உள்ளனர், எத்தனை குழந்தைகள் சேர்க்கப்பட்டுள்ளனர் என்ற கணக்கும் தீப் பாதுகாப்புக் கணக்கே. மின் பராமரிப்பு பொதுப்பணித் துறையிடமும், ஆக்சிசன் மருத்துவக் கருவிப் பிரிவிடமும், செவிலியர் பணி ஒதுக்கீடு செவிலியக் கண்காணிப்பாளரிடமும், கதவுச் சாவி காவலாளியிடமும் இருக்கிறது. இந்நால்வரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒத்திகை பார்த்திருக்கிறார்களா என்பதே கேட்க வேண்டிய வினா.

ஒரே மேசையில் அமர்ந்தால் தீர்வும் கிடைக்கிறது. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து திறக்க இயலாத கதவு ஒன்று உண்டு. அதைத் திறந்தால் ஒலி எழுப்பும் மணியையும் பொருத்தலாம். காவல், தீ, தொற்று ஆகிய மூன்று தேவைகளையும் அந்த ஒரு கதவு நிறைவேற்றுகிறது. தனித்தனிக் குழுக்கள் பூட்டா, திறப்பா என்ற வாதத்தைத் தாண்டி இந்தக் கதவுவரை வருவதில்லை.

பிரசவ அறையில் இதே மோதல் ஏற்கெனவே தீர்க்கப்பட்டுவிட்டது. பிரசவத்தின்போது உறவுப் பெண் ஒருவர் உடனிருந்தால் தாய்க்குத் துணிவு கிடைக்கிறது. ஆனால் வெளியார் உள்ளே வருவதைத் தொற்றுத் தடுப்பு விரும்புவதில்லை. 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை அனுமதித்தபோது, இரு தரப்பையும் ஒரே விதிக்குள் கொண்டுவந்தது. துணைக்கு வருபவர் தொற்றுநோய் இல்லாதவராக இருக்க வேண்டும், தூய ஆடை அணிந்திருக்க வேண்டும், மருத்துவர் செவிலியரின் பணியில் குறுக்கிடக் கூடாது. உங்கள் மகளுக்கோ மருமகளுக்கோ பிரசவம் நெருங்குகிறதென்றால், இந்த வசதி குறித்து முன்னதாகவே செவிலியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பணியாளரின் பாதுகாப்பும் நோயாளியின் பாதுகாப்பும்

2024 ஆகஸ்டில் கொல்கத்தாவின் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் பயிற்சி மருத்துவர் பணியிடத்திலேயே கொல்லப்பட்டதன் பின்னர், மருத்துவப் பணியாளர்களின் பாதுகாப்பு குறித்துப் பரிந்துரைக்க உச்ச நீதிமன்றம் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. அதன் பின் பல மருத்துவமனைகளில் கண்காணிப்புக் கேமராக்களும் அனுமதிச் சீட்டுக் கட்டுப்பாடுகளும் கூடின. இதை நோயாளியின் குடும்பத்துக்கு எதிரான ஏற்பாடு என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு கொள்ள வேண்டியதில்லை. அச்சமின்றிப் பணிபுரியும் செவிலியரே இரவு இரண்டு மணிக்கும் மருந்தின் அளவைச் சரிபார்க்க முடியும். உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டின் நோயாளர் பாதுகாப்பு நாளை, சுகாதாரப் பணியாளர்களின் பாதுகாப்பையே கருப்பொருளாகக் கொண்டு கடைப்பிடித்தது.

ஆயினும் கட்டுப்பாட்டை மட்டும் கூட்டிவிட்டு, உடனிருப்போருக்குத் தகவல் சொல்லும் ஏற்பாட்டை வேறொரு பிரிவின் பொறுப்பு என்று விட்டுவிட்டால் பதற்றம் குறையாது. அவசரப் பிரிவின் வாயிலில் ஏற்படும் பல வாக்குவாதங்கள், "உள்ளே என்ன நடக்கிறது என்று யாருமே சொல்லவில்லை" என்ற ஆற்றாமையிலிருந்தே தொடங்குகின்றன. குறித்த நேரங்களில் மருத்துவர் ஒருவர் வந்து நிலையை விளக்குவது நோயாளர் உரிமை முறையிலும் சேரும், பணியாளர் பாதுகாப்பு முறையிலும் சேரும். இரண்டு கோப்புகளில் இருப்பதால் எந்தக் கோப்புக்கும் சொந்தமில்லாமல் போகக்கூடிய பணி இது.

கோப்புகளைச் சேர்த்துக் கட்டுவது ஒருங்கிணைப்பன்று

ஐந்து கையேடுகளை ஒரே அட்டைக்குள் தைத்துவிட்டு, 'ஒருங்கிணைந்த மேலாண்மை முறை' என்று முதல் பக்கத்தில் அச்சிடுவது எளிது. ஒருங்கிணைப்பு நிகழ்ந்திருக்கிறதா என்பதை வார்டில்தான் அறிய முடியும். செவிலியர் ஒரே தகவலை மூன்று பதிவேடுகளில் எழுதுகிறார் என்றால் இணைப்பு நிகழவில்லை. அந்த மூன்றாவது பதிவேட்டுக்குச் செலவாகும் நேரம் நோயாளியின் படுக்கையருகிலிருந்தே எடுக்கப்படுகிறது. பதிவேடுகளைக் குறைப்பது நிருவாகச் சிக்கனம் போலத் தோன்றலாம். அது உண்மையில் சிகிச்சைக்கு நேரத்தைத் திருப்பித் தருவதாகும்.

மென்பொருள்களுக்கும் இது பொருந்தும். ஆய்வகத்துக்கு ஒன்று, மருந்தகத்துக்கு ஒன்று, காப்பீட்டுக்கு ஒன்று என மென்பொருள்கள் தனித்தனியே இயங்கும் இடத்தில், ஒரு கணினியில் உள்ளதை அச்சிட்டு அடுத்த கணினிக்குக் கொண்டுசெல்லும் தூதராக உடனிருப்பவர் ஆகிவிடுகிறார். 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் மின்னணு இயக்கத்தின் 14 இலக்க 'ஆபா' எண், உங்கள் ஒப்புதலுடன் இப்பதிவுகளை இணைக்கும் நோக்கம் கொண்டது. எண் வைத்திருப்பதால் மட்டும் பதிவுகள் தாமாக இணைந்துவிடா. மருத்துவமனையின் மென்பொருளும் அதில் சேர்ந்திருக்க வேண்டும். அதுவரை காகிதங்களைக் கோப்பில் வரிசையாக வைத்திருப்பதே உறுதியான வழி.

ஒருங்கிணைப்பில் ஓர் இடரும் உண்டு. அதை மறைப்பது முறையாகாது. எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பெண் என்று வந்துவிட்டால், நல்ல கட்டடமும் பளிச்சென்ற தரையும் பெற்றுத்தரும் மதிப்பெண், தொற்றுத் தடுப்பில் உள்ள குறையை மூடிவிடலாம். இதனாலேயே தேசிய தர உறுதித் தரநிலைகள் ஒட்டுமொத்த மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல், தனித்தனிப் பகுதிகளிலும் குறைந்தபட்ச மதிப்பெண்ணைக் கேட்கின்றன. சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்கே செல்லும். சுவரில் உள்ள சான்றிதழைப் பார்க்கும்போது அதில் குறிப்பிடப்பட்டுள்ள ஆண்டையும் பாருங்கள். எல்லாப் பொறுப்பையும் தர மேலாளர் ஒருவரின் தலையில் ஏற்றுவதும் இன்னொரு இடர். அவர் விடுப்பில் சென்றால் முறையும் விடுப்பில் சென்றுவிடும். மருத்துவக் கண்காணிப்பாளரோ கல்லூரி முதல்வரோ கூட்டத்தில் தாமே அமர்ந்து கேள்வி கேட்கும் மருத்துவமனைகளில்தான் இணைப்பு நிலைக்கிறது.

நோயாளியும் உடனிருப்பவரும் செய்யக்கூடியவை

ஒரு மருத்துவமனையின் எல்லாப் பிரிவுகளையும் வரிசையாகக் கடந்து செல்லும் ஒரே நபர் நோயாளிதான். மருத்துவர் வார்டைப் பார்க்கிறார், மருந்தாளுநர் மருந்தகத்தைப் பார்க்கிறார். நீங்கள் புறநோயாளிச் சீட்டு வாங்கும் இடத்திலிருந்து வீடு திரும்பும் நாள்வரை அனைத்தையும் பார்க்கிறீர்கள். ஆகவே பிரிவுகளுக்கு இடையிலான இடைவெளி முதலில் உங்கள் கண்ணில்தான் படும்.

மருந்து தரும்போதும், இரத்தம் எடுக்கும்போதும், அறுவை அரங்குக்கு அழைத்துச் செல்லும்போதும் நோயாளியின் பெயரையும் உள்நோயாளி எண்ணையும் கேட்பார்கள். மூன்றாம் முறை கேட்கிறார்களே என்று சலித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லுங்கள். ஏதேனும் மருந்து ஒவ்வாமல் போனது உண்டென்றால் அதைச் சேர்க்கை நாளில் ஒருமுறை சொன்னதோடு நிறுத்திவிடாதீர்கள். வார்டு மாறும்போதும், மருத்துவர் மாறும்போதும், எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் பிரிவுக்குச் செல்லும்போதும் திரும்பச் சொல்லுங்கள். வீட்டில் உண்ணும் எல்லா மருந்துகளையும், சித்த மருந்துகள் உட்பட, ஒரே தாளில் எழுதி வைத்திருங்கள். பணிமுறை மாறும் நேரத்தில், அதாவது காலையிலும் பிற்பகலிலும் இரவிலும் ஒரு செவிலியர் அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது, தகவல் தவறிப்போகும் வாய்ப்பு மிகுதி. "இரவு தர வேண்டிய மருந்து எது?" என்று புதிதாகப் பணிக்கு வந்தவரிடம் பணிவாகக் கேட்பது குறுக்கீடாகாது.

உங்களைத் தொடும் முன் கையைச் சுத்தம் செய்தீர்களா என்று மருத்துவரிடம் கேட்கப் பலரும் தயங்குவர். அந்தத் தயக்கம் இயல்பானதே. கையைத் தூய்மை செய்யும் திரவப் புட்டியைச் சுட்டிக்காட்டி, "இது காலியாக இருக்கிறது" என்று சொல்வது எளிதாக இருக்கும், பயனும் அதுவே. நிரம்பி வழியும் கழிவுப் பை, வழுக்கும் தரை, சாமான்கள் அடைத்த அவசர வழி, பொறி பறக்கும் மின் இணைப்பு ஆகியவற்றைக் கண்டால் பணியில் உள்ள செவிலியரிடம் உடனே சொல்லுங்கள். கழிவுப் பையை நீங்களே நகர்த்த முயல வேண்டாம். வார்டில் சேர்ந்த முதல் நாளிலேயே வெளியேறும் வழி எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அது பூட்டியிருந்தால் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.

செவிலியரிடம் சொல்லியும் சரியாகாவிட்டால் நிலைய மருத்துவ அலுவலரை அணுகலாம். புகாரை எழுத்தில் கொடுக்கும்போது எந்தப் பிரிவு பொறுப்பு என்று கண்டுபிடிக்கும் சுமை உங்களுடையதன்று. நாள், நேரம், வார்டு, கண்டது என்ன என்பதை மட்டும் எழுதினால் போதும். தொற்றா, கழிவா, தீப் பாதுகாப்பா எனப் பிரித்து அனுப்ப வேண்டியது மருத்துவமனையின் வேலை. "இது எங்கள் பிரிவுக்கு வராது" என்ற பதில் உங்களுக்குக் கிடைத்தால், "எந்தப் பிரிவுக்கு வரும் என்று எழுதித் தாருங்கள்" என்று கேட்கலாம். கொடுத்த மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தையும் நாளையும் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் குறைகளைத் தெரிவிக்கலாம்.

வீடு திரும்பும் நாளில் சற்றுக் கூடுதல் கவனம் தேவை. அன்று மருந்தகம், கணக்குப் பிரிவு, காப்பீட்டு மேசை, வார்டு ஆகிய நான்கும் உங்களை ஒரே நேரத்தில் அழைக்கும். விடுவிப்புச் சுருக்கத்தில் எழுதியுள்ள மருந்துகளும் மருந்தகத்தில் தந்த மருந்துகளும் ஒன்றா என்று செவிலியரை அருகில் வைத்துக்கொண்டு சரிபாருங்கள். சேர்க்கைக்கு முன் உண்டு வந்த மருந்துகளில் எதைத் தொடர வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். வந்து சேராத ஆய்வக அறிக்கை ஏதேனும் இருந்தால், அது எந்த நாளில், யாரிடம் கிடைக்கும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவப் பதிவேடுகளின் நகலை நோயாளியோ அவரால் அதிகாரமளிக்கப்பட்ட உடனிருப்பவரோ கேட்டால், 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் வழங்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் குழும நெறிமுறை விதிகள் கூறுகின்றன. கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். கொடுத்த நாளும் நேரமும் அதில் இருக்கட்டும்.